அரையகலக் கொரிய எழுத்து லேபிளில் கட்டம் கட்டமா வருது

லேபிள்_வண்ணார்பேட்டை:
அல்வா பாக்கெட்டுக்கு 50 மி.மீ. அகல லேபிள். ஓரத்தில் சின்னதா 'திருநெல்வேலி'ன்னு கொரியனில் வேணும்னு ஆர்டர். எழுத்தை 'ஸ்டைலா' மாத்தித் தர்ற ஒரு தளத்தில் எடுத்தேன். ஒல்லியா, தனித்தனியா 12 எழுத்து வந்துச்சு. பிரவுசரில் நல்லாத் தெரியுது, லேபிள் சாஃப்ட்வேரில் ஒட்டினா அத்தனையும் கட்டம். எக்செலில் லென் (எழுத்தை எண்ணுற ஃபங்ஷன்) போட்டா 13 காட்டுது. எழுத்தோட எண்ணைக் காட்டுற யூனிகோட் ஃபங்ஷனில் முதல் எழுத்து 65468, கடைசி 65440. இடம் மிச்சமாகுதேன்னு இதையே வச்சுக்கிடலாமா?

பாளை_டிடிபி:
வேண்டாம் தம்பி. இடமும் மிச்சமாகாது, கணக்குப் பாருங்க. நீங்க எடுத்தது அரையகல எழுத்து, ஒண்ணு முழு எழுத்தில் பாதி அகலம். 12 சேர்ந்தா 6 முழு எழுத்து அகலம். கொரியனை முறையா அசையசையா எழுதினா தி-ரு-நெல்-பெல்-லி, 5 எழுத்தோட முடிஞ்சுது (அவங்களுக்கு 'வ' கிடையாது, 'ப'தான்). 10 பாயிண்டில் ஒண்ணு 21 மி.மீ., இன்னொண்ணு 17.6 மி.மீ. எழுத்தைக் கோப்பில் பைட்டா சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையிலும் அதே கதைதான்: 36 பைட், 15 பைட். 'அரை'ங்கிறது திரையில் பிடிக்கிற அகலம் மட்டும். பைட் நம்ம தமிழ் எழுத்து மாதிரியே ஆளுக்கு 3.

65440 முதல் 65500 வரைக்கும் நடுவில் இடைவெளி விட்டு 52 அரையகல எழுத்து இருக்கு. ஒரு எழுத்துக்கு ஒரு பைட்டுன்னு ஓடின பழைய கொரிய மெஷின் கோப்புகளை யூனிகோடுக்கு மாத்தி, திரும்பவும் சேதாரமில்லாமல் எடுக்கிறதுக்காக வச்சது. யூனிகோடுக்கு முந்தின நம்ம பாமினி ஃபான்ட் ஃபைல் மாதிரி நினைச்சுக்கிடுங்க. புதுசா யாரும் அதில் அடிக்கிறதில்ல. பல ஃபான்ட்டில் இந்த எழுத்துக்கு உருவமே கிடையாது, கட்டம் வர்றது அதனாலதான். நோட்டோ சான்ஸ் சிஜேகே கேஆர் ஃபான்ட்டில் உண்டு.

13ஆவதா நிக்குற 65440தான் விஷமம். நிரப்பி எழுத்து அது, கண்ணுக்குத் தெரியாது. ஆனா யூனிகோட் அதை இடைவெளியா எண்ணாது, எழுத்தா எண்ணும். எக்செலின் டிரிம் சாதாரண இடைவெளியை மட்டும்தான் எடுக்கும், அதைத் தொடாது. ஒரே பேர் ரெண்டு வரியில் இருந்தும் எக்செல் வேற வேறன்னு சொல்லும். சப்ஸ்டிட்யூட்டில் யூனிச்சார்(65440) கொடுத்து, பதிலுக்கு உள்ளே ஒண்ணும் இல்லாத மேற்கோள் குறி ஜோடி ("") போட்டு எடுத்துடுங்க.

தாமிரபரணி_கோடு:
நிறைய வரி இருந்தா கையால வேண்டாம். பைத்தானில் யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ், என்எஃப்கேசி வடிவம் (இந்த மாதிரி எழுத்தை வழக்கமான எழுத்தா மாத்திச் சேர்க்கும்). ஒரே வரி.

லேபிள்_வண்ணார்பேட்டை:
போட்டுப் பார்த்தேன் அண்ணாச்சி. 'தி', 'ரு', கடைசி 'லி' மூணும் சேர்ந்துட்டு. 'நெல்', 'பெல்' ரெண்டிலும் 'ல்' மட்டும் கீழே போய் ஒட்டாம பக்கத்தில் தனியா நிக்குது.

பாளை_டிடிபி:
அது அப்படித்தான் நிக்கும். கொரியனில் அசையின் முதலில் வர்ற மெய்க்கு ஒரு எண், அடியில் வர்ற மெய்க்கு வேற எண். அரையகலத்தில் அந்தப் பேதமே கிடையாது, 'ல்' எங்க வந்தாலும் 65449தான். என்எஃப்கேசி அதைக் கண்ணை மூடிட்டு முதல்மெய்யா, 4357ஆ, மாத்திடுது. அடிமெய்யா சேரணும்னா 4527 வேணும்.

அதனால முதலில் என்எஃப்கேடி போட்டு எல்லாத்தையும் பிரிங்க. பிறகு ஒவ்வொரு முதல்மெய்யையும் பாருங்க. அதுக்கு முன்னால உயிர் இருந்து (4449 முதல் 4469 வரை), பின்னால உயிர் இல்லேன்னா, அதை அடிமெய் எண்ணா மாத்துங்க. கடைசியில் என்எஃப்சி போட்டுத் திரும்பச் சேருங்க. கொரிய அசை எதுவும் உயிரில் தொடங்காது, ஒலியில்லாத ஒரு மெய்யாவது முன்னால நிக்கும். இந்த விதி பிசகாம ஓடுறது அதனாலதான். இரட்டை ட, ப, ஜ மூணுக்கு மட்டும் அடிமெய் வடிவம் கிடையாது, அதைத் தொடாதீங்க.

தாமிரபரணி_கோடு:
ஆமா, அடிமெய்யை விட்டுட்டேன். ஒரு பேருக்குன்னா நேரா அடிச்சிரலாம். விண்டோஸ் மொழி செட்டிங்ஸில் கொரியன் சேர்த்து, வலது ஆல்ட் தட்டி, ஆங்கில விசைப் பெயரில் சொன்னா: எக்ஸ், எல், எஃப், என், எஸ், பி, எஃப், கியூ, பி, எஃப், எஃப், எல். அடிக்கும்போது 'ந்' முதலில் 'ரு'வுக்கு அடியில் ஒட்டும்; அடுத்த உயிரை அடிச்சதும் தானா குதிச்சு 'நெ' ஆகிடும். தப்புன்னு நினைச்சு பேக்ஸ்பேஸ் தட்டாதீங்க.

பாளை_டிடிபி:
தெர்மல் பிரிண்டர்னா அதுக்குள்ளேயே இருக்கிற ஃபான்ட்டை விட்டுட்டு விண்டோஸ் ஃபான்ட்டைத் தேர்ந்தெடுங்க, எழுத்து படமாப் போகும். ரோல் ஓட்டுறதுக்கு முன்னால லென் 5 வருதான்னு பாருங்க. எண்கள் வரிசையா 54000, 47336, 45356, 48296, 47532 இருக்கணும்.