டொமைன் பெயரில் ஹைஃபன் வைக்கலாமா? ஹைஃபன் இல்லாத பெயர் வேறொருவரிடம் இருக்கிறது

ஏட்டுச்சுவடி (கேள்வி)

வணக்கம். சிறுவர் கதைகளை ஒலிவடிவில் வெளியிட ஓர் இணையதளம் தொடங்க இருக்கிறேன். பெயர் இரண்டு தமிழ்ச் சொற்கள் சேர்ந்தது. முதல் சொல் ‘கதை’. பதிவு செய்யும்வரை முழுப் பெயரையும் வெளியில் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். சேர்த்து எழுதிய டாட் காம் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. நடுவில் ஹைஃபன் (-) போட்டால் கிடைக்கிறது.

ஹைஃபன் இருந்தால் கூகுள் தளத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடும் என்கிறார் ஒருவர். சொற்கள் பிரிந்து தெரிவதால் மேலே வரும் என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது? அண்டர்ஸ்கோர் (_) போட்டும் முயன்றேன். செல்லாத பெயர் என்று வந்தது. அது ஏன்?

நிலைவட்டு

அண்டர்ஸ்கோர் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். டொமைன் பெயரில் ஆங்கில எழுத்து, எண், ஹைஃபன் ஆகிய மூன்றுக்கு மட்டுமே இடம் உண்டு. 1980-களில் வகுத்த விதி இது. ஹைஃபன் முதலிலும் வரக்கூடாது, கடைசியிலும் வரக்கூடாது. புள்ளிக்கும் புள்ளிக்கும் இடைப்பட்ட பகுதி 63 எழுத்துகளைத் தாண்டக்கூடாது. மூன்றாவது, நான்காவது இடங்களில் அடுத்தடுத்து இரண்டு ஹைஃபன் வைக்கவும் முடியாது. தமிழ் போன்ற எழுத்துகளில் அமைந்த டொமைன்களைக் கணினி உள்ளுக்குள் ‘எக்ஸ், என், ஹைஃபன், ஹைஃபன்’ என்று தொடங்கும் வடிவமாக மாற்றிக்கொள்கிறது. அதற்காக அந்த இடங்களை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

கூகுளைப் பொறுத்தவரை உங்களிடம் பேசிய இருவர் சொன்னதும் சரியல்ல. டொமைனில் உள்ள சொற்களால் தேடல் வரிசையில் ஏறக்குறைய எந்தப் பயனும் இல்லை என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. ஹைஃபனுக்குத் தண்டனையும் கிடையாது. ஒரு காலத்தில் தேடுசொற்களை நான்கைந்து ஹைஃபன்களால் கோத்து, உள்ளே சரக்கே இல்லாத தளங்களைப் பலர் நடத்தினார்கள். தேடுசொல்லையே பெயராக வைத்த தரமற்ற தளங்களைக் கூகுள் 2012 செப்டம்பரில் கீழே இறக்கியது. ஹைஃபனுக்குக் கெட்ட பெயர் வந்தது அந்தக் கூட்டத்தால்தான். மெரியம்-வெப்ஸ்டர் அகராதியின் முகவரியில் இன்றும் ஹைஃபன் இருக்கிறது. அதற்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

வாய்மொழி

நிலைவட்டு சொன்னது முழுக்கச் சரி. ஆனால் இந்த முடிவைத் தேடுபொறியை வைத்து எடுக்காதீர்கள். உங்கள் முகவரி மனிதர்களிடம் எப்படிப் போய்ச் சேரும் என்பதுதான் கேள்வி. இணைப்பைத் தட்டி வருபவர்களுக்கு ஹைஃபன் கண்ணிலேயே படாது. காதால் கேட்டுத் தட்டச்சு செய்பவர்களிடம்தான் சிக்கல்.

உங்களுடையது ஒலித்தளம். ஒவ்வொரு கதையின் முடிவிலும் முகவரியை வாயால் சொல்லப் போகிறீர்கள். “கதை, நடுவில் ஒரு சின்னக் கோடு” என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கும். கேட்பவர் கைப்பேசியில் அந்தக் கோட்டைத் தேடி எண்களும் குறிகளும் உள்ள விசைப்பலகைக்குப் போக வேண்டும். பாதிப் பேர் கோட்டை விட்டுவிடுவார்கள், சிலர் அண்டர்ஸ்கோர் போடுவார்கள்.

அச்சிலும் ஒரு தொல்லை உண்டு. வரியின் ஓரத்தில் முகவரி உடைந்தால், அங்கே நிற்கும் கோடு பெயரைச் சேர்ந்ததா, வரி மடிந்ததால் வந்ததா என்று வாசகருக்குத் தெரியாது. ஆவணம் தயாரிக்கும் செயலிகள் சில நேரம் ஹைஃபனைத் தாமாகவே நீளக் கோடாக மாற்றிவிடும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும்; நகலெடுத்து ஒட்டினால் தளம் திறக்காது.

நீங்கள் சொல்லாமல் விட்டது ஒன்று: ஹைஃபன் இல்லாத பெயரில் இப்போது தளம் ஓடுகிறதா, வெறுமனே பதிவு செய்து வைத்திருக்கிறார்களா?

ஏட்டுச்சுவடி

ஓடுகிறது. அதுவும் கதைத்தளம்தான். பெரியவர்களுக்கானது, அடிக்கடி புதுப்பிக்கிறார்கள்.

வாய்மொழி

அப்படியானால் வேண்டாம். கைவிட்டுவிடுங்கள். குழந்தைக்குக் கதை போட முகவரியைத் தட்டும் தாய், கோட்டை விட்டால் பெரியவர்களுக்கான கதையில் போய் நிற்பார். அதைவிட மோசம் மின்னஞ்சல். உங்களுக்கு எழுதுபவர் ஹைஃபனை மறந்தால் கடிதம் அவர்கள் சர்வருக்குப் போகும். அந்த டொமைனுக்கு வரும் எல்லாக் கடிதங்களையும் வாங்கிக்கொள்ளும்படி அவர்கள் அமைத்திருந்தால் கடிதம் திரும்பிக்கூட வராது. அனுப்பியவர் போய்ச் சேர்ந்தது என்று நினைப்பார், நீங்கள் வரவில்லை என்று நினைப்பீர்கள். அவர்கள் தங்கள் பெயரை வணிகக் குறியாகப் பதிந்திருந்தால் ஹைஃபன் உங்களைக் காப்பாற்றும் என்றும் நம்ப வேண்டாம். டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின், 1999 முதல் நடைமுறையில் இருக்கும் தகராறுத் தீர்வு முறையில், நடுவில் ஒரு கோடு சேர்த்ததால் மட்டும் பெயர் வேறாகிவிட்டதாக ஏற்க மாட்டார்கள்.

கோப்புறை

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், இதே விஷயத்தில் எனக்கும் ஒரு சிக்கல். ஹைஃபன் உள்ளது, இல்லாதது இரண்டுமே என்னிடம் இருக்கின்றன. ஹைஃபன் உள்ளதை மற்றதற்கு 301 மூலம் (முகவரி நிரந்தரமாக மாறிவிட்டது என்று உலாவிக்குச் சொல்லும் பதில்) திருப்பிவிட்டேன். சாதாரண எச்டிடிபி-யில் சரியாகப் போகிறது. பாதுகாப்பான இணைப்பான எச்டிடிபிஎஸ் என்று போட்டால் பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது. முதன்மைத் தளத்தில், அந்த இணைப்புக்குத் தேவையான பாதுகாப்புச் சான்றிதழ் சரியாகவே இருக்கிறது.

நிலைவட்டு

திருப்பிவிடும் பெயருக்கும் சான்றிதழ் வேண்டும். உலாவி முதலில் சான்றிதழைச் சரிபார்க்கும். அது முடிந்த பிறகுதான் ‘அங்கே போ’ என்ற பதிலை வாசிக்கும். பெயர் பொருந்தவில்லை என்றால் வாசலிலேயே நின்றுவிடும், உங்கள் 301 அதன் கண்ணில் படவே படாது. ஒரே சான்றிதழில் பல பெயர்களைச் சேர்க்கலாம். இரண்டு பெயர்களையும், இரண்டின் டபிள்யூடபிள்யூடபிள்யூ வடிவங்களையும் சேர்த்துப் புதிதாக வாங்குங்கள்.

கோப்புறை

நான்கையும் சேர்த்தேன், எச்சரிக்கை போய்விட்டது. நன்றி ஐயா.

ஏட்டுச்சுவடி

வாய்மொழி சொன்ன மின்னஞ்சல் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. பெயரை மாற்றுகிறேன். ‘கதை’ என்ற சொல்லை மட்டும் விட மனமில்லை.

வாய்மொழி

விட வேண்டாம். ஆனால் ஆங்கில எழுத்தில் அதை எப்படி எழுதப் போகிறீர்கள்? ‘தை’க்குச் சிலர் ‘dh’ போடுவார்கள், சிலர் ‘th’ போடுவார்கள். வாயால் சொல்லும் முகவரிக்கு இது ஹைஃபனைவிடப் பெரிய தடை. பெயரைச் சொல்லி, தெரிந்த நான்கைந்து பேரைக் கைப்பேசியில் தட்டச் சொல்லுங்கள். எந்தெந்த எழுத்துக்கூட்டல்கள் வருகின்றனவோ அத்தனையும் காலியாக இருக்கும் பெயராகப் பார்த்துப் பதியுங்கள். ஒன்றை முதன்மையாக வைத்து மற்றவற்றை அதற்குத் திருப்புங்கள். கோப்புறைக்கு வந்த சிக்கல் உங்களுக்கும் வரும், எல்லாப் பெயர்களையும் சான்றிதழில் சேர்த்துவிடுங்கள்.