கைக்கடிகார நிறுவனத்திலிருந்து அச்சுப்பொறி வந்தது எப்படி?

கேள்வி:
ஜப்பானியத் தொழில்துறையில் அச்சுப்பொறிகள் உருவான தொடக்ககாலத்தைப் பற்றிப் படித்துவருகிறேன். நாகானோ மாநிலத்தின் ஷின்ஷு செய்கி நிறுவனம் 1968இல் வெளியிட்ட இபி-101 என்ற சிறு அச்சுப்பொறியே பின்னாளைய எப்சன் அச்சுப்பொறிகளுக்கு மூலம் என்றும், அதன் வேர் 1964 டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளில் பயன்பட்ட நேரப்பதிவுக் கருவியில் இருக்கிறது என்றும் பல இடங்களில் காண்கிறேன். கைக்கடிகார பாகங்கள் செய்வதற்காக 1961இல் தொடங்கப்பட்ட ஒரு நிறுவனம் இத்துறையில் காலூன்றியதற்கு ஒலிம்பிக் மட்டுமே காரணமா? அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1:
ஒலிம்பிக் தொடர்பு உண்மையானது. அந்தப் போட்டிகளின் அதிகாரபூர்வ நேரக்கணிப்பு செய்கோ குழுமத்திடம் இருந்தது. அக்குழுமத்தைச் சேர்ந்த சுவா செய்கோஷா, குவார்ட்ஸ் படிகத்தால் இயங்கும் துல்லியக் கடிகாரத்தோடு, அளந்த நேரத்தைக் காகிதத்தில் உடனே அச்சிட்டுத் தரும் கருவியையும் உருவாக்கியது. அதன் துணை நிறுவனமே ஷின்ஷு செய்கி. கடிகாரத் தொழிலில் ஊறியவர்களுக்குச் சிறு பல்சக்கரங்களும் குறைந்த மின்சாரமும் அன்றாட வேலை. அந்தப் பழக்கம் இபி-101இல் அப்படியே தெரிகிறது. அதன் எடை 2.5 கிலோதான். எண்கள் புடைத்து நிற்கும் உருளை ஓயாமல் சுழன்றுகொண்டிருக்க, வேண்டிய எண் காகிதத்துக்கு நேராக வரும் கணத்தில் சிறு சுத்தியல் ஒன்று தட்டும். உருளை நிற்பதே இல்லை என்பதால், தட்டும் நேரம் சற்றே பிசகினாலும் எண் மேலோ கீழோ நகர்ந்து பதிந்துவிடும். ஆகவே அந்தப் பொறியின் உயிர்நிலை நேரக்கணிப்புதான் என்பது என் கருத்து.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒலிம்பிக் கொடுத்தது திறமையை மட்டுமே, வாங்குவோரை அல்ல. வாங்குவோரைக் கொடுத்தது மின்னணுக் கால்குலேட்டர். 1964இல் ஹயகவா எலக்ட்ரிக் (பின்னாளைய ஷார்ப்) வெளியிட்ட சிஎஸ்-10ஏ 25 கிலோ எடையும் 5,35,000 யென் விலையும் கொண்டிருந்தது. அதன்பின் பல ஜப்பானிய நிறுவனங்கள் போட்டிபோட்டுக்கொண்டு கால்குலேட்டர்களைச் சிறிதாக்கின. கணக்குப் பிரிவில் இருப்பவருக்கோ திரையில் தோன்றி மறையும் எண் போதாது. கூட்டிய ஒவ்வொரு தொகையும் காகிதத்தில் இருந்தால்தான் பிறகு சரிபார்க்க முடியும். மேசைக் கால்குலேட்டருக்குள் அடங்கும் அச்சுப்பொறிக்கு இருந்த இந்தத் தேவையால்தான் இபி-101 மொத்தம் 14.4 லட்சம் விற்றது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு தொடர்பு உண்டு. பிசிகாம் நிறுவனத்தின் 141-பிஎஃப் கால்குலேட்டரில் இருந்ததும் ஷின்ஷு செய்கியின் உருளை அச்சுப்பொறிதான். அந்தக் கால்குலேட்டருக்காகவே இன்டெல் 4004 நுண்செயலி உருவானது. பிசிகாமின் மசாதோஷி ஷிமா அதன் வடிவமைப்பில் பங்கேற்றார். உருளை எந்த நிலையில் இருக்கிறது என்ற குறிப்பைப் பெற்று, எந்தச் சுத்தியல் எப்போது தட்ட வேண்டும் என்று கட்டளையிடுவதும் அந்த நுண்செயலியின் வேலைகளில் ஒன்றாக இருந்தது. அச்சுப்பொறியின் வரலாற்றை நுண்செயலியின் வரலாற்றிலிருந்து பிரித்துச் சொல்வது எனக்குச் சரியாகப்படவில்லை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. எண்களுக்கு உருளை போதும். ஜப்பானிய மொழியில் வழங்கும் சீன வழி எழுத்துகளான கான்ஜி ஆயிரக்கணக்கில் உள்ளனவே, அவற்றுக்கு என்ன செய்தார்கள்?

மறுமொழி 3:
அத்தனை எழுத்துகளையும் அலுவலகச் சிறு பொறி ஒன்றின் உருளையில் செதுக்க முடியாது. அதற்கான வழி வேறு திசையிலிருந்து வந்தது. ஓகி எலக்ட்ரிக் 1968இலேயே வயர்டாட் என்ற புள்ளி அச்சுப்பொறியை வெளியிட்டது. தையல் இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற நகோயாவின் பிரதர், அமெரிக்காவின் சென்ட்ரானிக்ஸுடன் சேர்ந்து 1971இல் எம்-101ஐ உருவாக்கியது. இவற்றில் மெல்லிய ஊசிகள் ரிப்பனைக் குத்திப் புள்ளிகளால் எழுத்தை உருவாக்குகின்றன. எழுத்தின் வடிவம் உலோகத்தில் இல்லை, நினைவகத்தில் இருக்கிறது.

ஆனால் சிக்கல் அந்த நினைவகத்துக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். கான்ஜி தெளிவாகத் தெரிய 24×24 கட்டம் தேவை என்று கொண்டால், ஓர் எழுத்துக்கு 576 புள்ளிகள், அதாவது 72 பைட். கணினிகளில் எழுத்துகளைக் குறிக்க 1978இல் வந்த ஜப்பானியத் தரக்குறியீட்டில் இருந்த 6,802 எழுத்துகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 4.9 லட்சம் பைட் ஆகிறது. அன்றைய விலையில் அது பெருஞ்செலவு. அதே ஆண்டில் தோஷிபா அறிமுகப்படுத்திய ஜேடபிள்யூ-10 என்ற ஜப்பானியச் சொற்செயலியின் விலை 63 லட்சம் யென்.

ஒப்பிட்டால், லத்தீன் எழுத்துகளுக்கு 9 ஊசிகளே போதும். எப்சன் 1980இல் வெளியிட்ட எம்எக்ஸ்-80 அப்படிப்பட்டதுதான். அடுத்த ஆண்டு ஐபிஎம் தன் தனிக்கணினியோடு விற்ற அச்சுப்பொறியும் அதே எம்எக்ஸ்-80தான், ஐபிஎம் பெயர் பொறித்து.