குவில்ட் குரூப்: சித்தி பிளாக் மட்டும் அரை இன்ச் குறையுது

சித்தி: (போட்டோ)

சித்தி: யாராச்சும் முழிச்சிருக்கீங்களா. பாட்டிக்கு நாம தைக்கற குவில்ட் போர்வைல என் பங்கு கரடிக்கால் டிசைன், முதல் பிளாக் (துண்டு துணி சேர்த்து தைக்கற சதுரம்) முடிச்சுட்டேன். ஆனா அளந்தா பன்னண்டரை வரவே மாட்டேங்குது, அதாவது பிளாக் 12, அடுத்த பிளாக்கோட சேர்க்கற தையலுக்கு அரை. நடுவுல 12 இருக்கு, ஓரத்துல அதுவும் இல்ல. ரெண்டு தடவை பிரிச்சு தைச்சாச்சு 😩

அண்ணி: கரடி நகம் மாதிரி வர்ற முக்கோணம் எல்லாம் அழகா வந்திருக்கு சின்னத்தை. பெரிய சதுரம் பக்கத்துல மட்டும் துணி உப்பிக்கிட்டு நிக்குதோ?

சித்தி: ஆமாம்மா, ரெண்டு நகம் சேர்ந்தும் பெரிய சதுரத்துக்கு எட்டல. ஒரு நூலுக்கு மேலயே குறைஞ்சுது. இழுத்து புடிச்சு தைச்சுட்டேன்

பெரியம்மா: இழுத்து புடிக்கிற நேரத்துல எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல. என்ன அளவுடி வெட்டின

சித்தி: புக்ல இருந்தது 14 இன்ச் பிளாக் அக்கா, நமக்கு வேண்டியது 12. சரி 12ஐ 14ஆல வகுத்தா 0.857 வந்துது, எல்லா அளவையும் அதால பெருக்கிட்டேன். சின்ன சதுரம் ரெண்டரை போட்டிருந்தது, அது 2.14 ஆச்சு, பெரிய சதுரம் நாலரை, அது 3.86. இப்படியே எல்லாம்

தம்பி: விகிதம் சரிதானே, இதுல என்ன தப்பு

பெரியம்மா: அங்கதான்டா தப்பு. ரெண்டரைல கண்ணுக்கு தெரியறது 2 இன்ச்தான், மீதி அரை இன்ச் ரெண்டு பக்கமும் கால் காலா தையலுக்கு விட்டது. இவ அதையும் சேர்த்து சுருக்கிட்டா. துணியை சுருக்கலாம், மெஷின்ல துணியை அழுத்தி கால் இன்ச் தள்ளி தைக்க வைக்கற ஃபுட்டை யாரு சுருக்குறது?

தம்பி: ஓ

தம்பி: இருங்க. ஒரு வரிசைல 7 கட்டம், ஆறு தையல். 2.14 மாதிரி ஏழு சேர்ந்தா 15. தையலுக்கு அரை அரையா 3 போச்சுன்னா மிச்சம் 12. வேண்டியது 12.5. சித்தி உங்க பிளாக் தப்பாவும் கரெக்டா வந்திருக்கு 😂

சித்தி: அடி வாங்கப் போற

நான்: அப்ப நகம் ஏன் இன்னும் அதிகமா குறைஞ்சுது பெரியம்மா?

பெரியம்மா: நகம் ரெண்டு முக்கோணம் சேர்ந்த சதுரம்ல. குறுக்கால ஒரு தையல் வருது, அதனால அதுக்கு வெட்டற சதுரத்துல அரை இன்ச் பத்தாது, ஏழு நூல் விடணும். அவ ஏழு நூலை போட்டு சுருக்கிட்டா, அங்க இன்னும் ஜாஸ்தியா அடி விழுந்திருக்கு

தம்பி: நூல்னா?

பெரியம்மா: இன்ச்சுக்கு எட்டு நூல்டா. படிச்ச புள்ள

தம்பி: அப்ப ஏழு நூல் 0.875. கணக்கு போட்டா 0.854தான் வருது, கால் இன்ச்சை 2 + ரூட் 2ஆல பெருக்கணும். ரூலர்ல கோடு கிடைக்கணும்னு மேல ஏத்தியிருக்காங்க போல

அண்ணி: என் ஒஹையோ ஸ்டார் பிளாக்ல சதுரத்தை நாலு முக்கோணமா வெட்டணும், அதுக்கு ஒண்ணேகால் இன்ச் கூட விட சொன்னீங்களே பெரியத்தை, அதுவும் இதே கதைதானா?

பெரியம்மா: அதேதான். உன்னது மூணுக்கு மூணு கட்டம், 12ஐ மூணா பிரிச்சா 4, நாலோட ஒண்ணேகால் சேர்த்து அஞ்சேகால்ல வெட்டு. பழைய அளவை யாரும் பெருக்காதீங்க. பிளாக் எத்தனை கட்டம்னு எண்ணி, வேண்டிய அளவை அதால வகுத்து, தையல் துணியை கடைசில சேருங்க. கூட்டறதுதான் கடைசி வேலை

அம்மா: (இந்த மெசேஜ் நீக்கப்பட்டது)

சித்தி: சரி அக்கா அப்படியே போடறேன். 12ஐ ஏழால வகுத்தா 1.714, அரை சேர்த்தா 2.214. இத எந்த கோட்டுல வச்சு வெட்டுவேன்

பெரியம்மா: அதான் கரடிக்கால் எடுக்காதன்னு முதல்லயே சொன்னேன். கேட்டியா. ஏழு கட்டம் பிளாக் 7ல வரும், பத்தரைல வரும், 14ல வரும். 12ல அடம் புடிக்கும்

சித்தி: எனக்கு இந்த பிளாக்தான் புடிச்சிருக்கு

நான்: அப்ப பத்தரைல தைச்சு சுத்தி பட்டி வச்சு 12 ஆக்கிட்டா?

பெரியம்மா: என் தங்கம். அத சொல்லத்தான் வந்தேன்

பெரியம்மா: எழுதிக்கோடி. கட்டம் ஒண்ணரை. சின்ன சதுரம் 2 இன்ச், அஞ்சு வேணும், நடுவுல வர்றதையும் சேர்த்து. நகத்துக்கு ரெண்டு இன்ச் மூணு நூல் சதுரம், கலர்ல எட்டு வெள்ளைல எட்டு, ஜோடி ஒண்ணுக்கு ரெண்டு நகம், 16 கிடைக்கும். பெரிய சதுரம் மூணரை, நாலு. கால்களுக்கு இடையில வர்ற நடு பட்டை 2க்கு 5, அதுவும் நாலு. தைச்சு முடிச்சா ஓரத்துல தையலுக்கு விட்டதோட 11 வரணும். அப்புறம் ஒண்ணேகால் அகலத்துல வெள்ளை பட்டி, 11 நீளத்துல ரெண்டு, பன்னண்டரை நீளத்துல ரெண்டு, சுத்தி வச்சா பன்னண்டரை

சித்தி: அக்கா நான் நாலு பிளாக்குக்கும் மொத்தமா வெட்டி வச்சுட்டேன்... அந்த நீல துணி இன்னும் ஒரு முழம் கூட இல்ல

நான்: ஐயோ

அண்ணி: சின்னத்தை பயப்படாதீங்க. நீங்க வெட்டினது 2.14, இப்ப வேண்டியது 2. பெரிய சதுரம் 3.86, வேண்டியது மூணரை. நகத்துக்கு 2.46 வெட்டியிருப்பீங்க, வேண்டியது 2.375. பட்டையும் பெருசாதான் இருக்கும். எல்லாத்தையும் ஓரம் நறுக்கினா போதும்

சித்தி: 🙏🙏 உனக்கு கோயில் கட்டலாம்மா

தம்பி: தைச்ச பிளாக்?

சித்தி: மூணாவது தடவை பிரிக்க வேண்டியதுதான்

பெரியம்மா: பிரிக்கும்போது சரட்டுனு இழுக்காத, ஓரம் நைஞ்சா நறுக்கினாலும் உதவாது. அப்புறம் மெஷினை முதல்ல சோதிச்சுக்கோ. ஒண்ணரை இன்ச் பட்டி மூணு எடுத்து பக்கத்து பக்கத்துல தை, அயர்ன் பண்ணிட்டு நடு பட்டியை அள. சரியா 1 இன்ச் இருக்கணும். கம்மியா இருந்தா நீ அதிகமா புடிக்கறன்னு அர்த்தம், துணி மடியற இடத்துலயே கொஞ்சம் போயிடும், அதனால கால் இன்ச்சுக்கு ஒரு மயிரிழை உள்ள தை. ஒரு தையலுக்கு அரை நூல் போனாலும் ஆறு தையல்ல மூணு நூல் காணாம போயிடும், அப்புறம் பட்டி மேல பழி போடுவ

நான்: ஒண்ணு கவனிச்சீங்களா. சித்தியோட நாலு பிளாக்கையும் நடுவுல ரெண்டுக்கு ரெண்டா வச்சா, தைச்ச பிறகு இந்த பட்டி முக்கால் அந்த பட்டி முக்கால் சேர்ந்து ஒண்ணரை ஆகுது. பிளாக் உள்ள கால்களுக்கு நடுவுல இருக்கற இடைவெளியும் ஒண்ணரைதான். பதினாறு காலும் ஒரே தூரத்துல நிக்கும், பட்டி ஒட்டு வேலைன்னே தெரியாது

பெரியம்மா: அட ஆமா. அப்ப பட்டியும் அந்த நடு பட்டையும் ஒரே வெள்ளைல இருக்கட்டும். நான் நடுவுல கரடிக்கால் போட்டு சுத்தி நம்ம மத்த பன்னெண்டு பிளாக்கையும் அடுக்கறேன். மொத்தம் 48க்கு 48, பாட்டி மடில போட்டுக்க சரியா இருக்கும்

சித்தி: இப்ப சொல்லுங்க யாரு பிளாக் நடு நாயகம் 😌

அண்ணி: அத்தை நீங்க ஒரு மெசேஜ் போட்டு அழிச்சீங்களே, என்ன அது?

அம்மா: ஒண்ணுமில்ல

அம்மா: என் சர்ன் டேஷ் பிளாக் புக்ல 9 இன்ச். நான் ஜெராக்ஸ்ல 133 சதவீதம் பெருசாக்கி அந்த பேப்பர வச்சே வெட்டிட்டேன்

தம்பி: மூணரை சதுரம் அப்ப 4.66 ஆயிருக்கும். வேண்டியது நாலரை

பெரியம்மா: பெருசா வெட்டினது கெடுதல் இல்ல, நறுக்கிக்கலாம். தைச்சிட்டியா?

அம்மா: ரெண்டு

சித்தி: வா. சேர்ந்து பிரிப்போம்