பழைய நெக்ஸ்ட்கிளவுட் பேக்கப்பைப் புதிய இயந்திரத்தில் மீட்பது எப்படி?

பிரிக்பீல்ட்ஸ்வாசி (கோலாலம்பூர்):
அனைவருக்கும் வணக்கம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறிய கணக்காய்வு அலுவலகத்தின் நெக்ஸ்ட்கிளவுட் சர்வரை (ஊழியர்களின் கோப்புகளைச் சேமித்து, அவர்களின் கணினிகளுடன் ஒத்திசைக்கும் மென்பொருள்) நான் பார்த்துக்கொள்கிறேன். சென்டோஸ் 7 இயங்குதளத்தில் ஓடிக்கொண்டிருந்த பழைய இயந்திரத்தின் மதர்போர்டு செவ்வாய் மாலை இடி மின்னலில் போய்விட்டது. டேட்டா கோப்புறை, மரியாடிபி டம்ப் (தரவுத்தளத்தின் நகல்), கான்ஃபிக் கோப்பு (சர்வரின் அமைப்புகள்) ஆகிய மூன்றும் ஞாயிறு இரவு எடுத்த பேக்கப்பில் பத்திரமாக இருக்கின்றன. பழைய நெக்ஸ்ட்கிளவுட் பதிப்பு 25; புதிய இயந்திரத்தில் டெபியன் 12 இயங்குதளம் போட்டிருக்கிறேன். இப்போதுள்ள புதிய பதிப்பை நேரே நிறுவி, பழைய தரவுத்தளத்தை அதில் ஏற்றிவிடலாமா? திங்களும் செவ்வாயும் ஊழியர்கள் தங்கள் மடிக்கணினிகளில் செய்த வேலை என்னவாகும் என்பதும் கவலையாக இருக்கிறது.

கொம்தார்நிழல் (பினாங்கு):
நேரே ஏற்ற முடியாது, நண்பரே. நெக்ஸ்ட்கிளவுட் ஒரு பெரிய பதிப்பிலிருந்து அடுத்த பெரிய பதிப்புக்கு மட்டுமே ஏறும். இடையில் ஒன்றைத் தாண்டினால் மேம்படுத்தும் நிரலே மறுத்துவிடும். ஆகவே முதலில் பதிப்பு 25-ஐயே எழுப்ப வேண்டும். ஆனால் நெக்ஸ்ட்கிளவுட் ஓடத் தேவையான பிஎச்பி மென்பொருளில் 25 ஏற்பது 8.1 வரைதான், டெபியன் 12 தருவதோ 8.2. வெளிக் களஞ்சியத்திலிருந்து 8.1-ஐக் கொண்டுவரலாம் என்றாலும், இயந்திரம் இன்னும் காலியாகவே இருப்பதால், 8.1-உடன் வரும் உபுண்டு 22.04-ஐப் போட்டுவிடுவதே எனக்குச் சுலபமாகத் தோன்றுகிறது. டெபியனைக் குறை சொல்லவில்லை. என் சொந்த சர்வரும் அதில்தான் ஓடுகிறது.

புதிதாக நிறுவும்போது உருவாகும் கான்ஃபிக் கோப்பை வைத்துக்கொள்ளாதீர்கள், பழையதையே போடுங்கள். அதிலுள்ள சீக்ரெட் மதிப்பு மாறினால் மடிக்கணினிகளிலுள்ள ஒத்திசைவுச் செயலிகள் வைத்திருக்கும் டோக்கன்கள் (உள்நுழைவுச் சாவிகள்) எல்லாம் செல்லாமல் போகும். கோப்புகளின் உரிமையாளரையும் மாற்ற வேண்டும். சென்டோஸில் வலைச் சேவையகத்தின் பயனர் எண் 48, உபுண்டுவில் 33; நகலெடுத்த கோப்புகள் பழைய எண்ணுடனே வந்து சேரும்.

செந்தூல்காரன் (கோலாலம்பூர்):
மேலே ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். புதிய இயந்திரத்தில் பெரிய வட்டு வேறோர் இடத்தில் மவுன்ட் ஆகியிருக்கும் (இணைந்திருக்கும்) என்பதற்காக டேட்டா கோப்புறையின் பாதையை மாற்றிவிடாதீர்கள். அந்தப் பாதை கான்ஃபிக் கோப்பில் மட்டுமல்லாமல், தரவுத்தளத்தின் ஸ்டோரேஜஸ் அட்டவணையிலும் 'லோக்கல்' என்று தொடங்கும் வரியில் பதிந்திருக்கிறது. கான்ஃபிக்கில் மட்டும் மாற்றினால் சர்வர் அதைப் புதிய சேமிப்பிடமாக எண்ணிப் புதிய வரியொன்றைச் சேர்த்துக்கொள்ளும். அட்டவணையைத் திருத்தவும் வழி உண்டு. ஆனால் வட்டையே பழைய பாதையில் மவுன்ட் செய்துவிட்டால் அந்த வேலையே இல்லை.

பிரிக்பீல்ட்ஸ்வாசி (கோலாலம்பூர்):
இருவருக்கும் நன்றி. உபுண்டுவையே போட்டு, பழைய பாதையிலேயே வட்டை இணைத்துவிடுகிறேன். மடிக்கணினிகளைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா?

கொம்தார்நிழல் (பினாங்கு):
எல்லாவற்றிலும் கவனம் தேவைப்படுவது அங்கேதான். திங்களன்று ஒருவர் சேமித்த கோப்பு அன்றே பழைய சர்வருக்கு ஏறியிருக்கும். அதை அவருடைய செயலி நினைவில் வைத்திருக்கும். ஞாயிறு நிலைக்குத் திரும்பிய சர்வரில் அந்தக் கோப்பு இல்லாததைக் கண்டால், யாரோ அழித்துவிட்டார்கள் என்று எண்ணி மடிக்கணினியிலிருந்தும் அது நீக்கிவிடும். திருத்திய கோப்பாக இருந்தால், அதன்மேல் ஞாயிறன்று இருந்த பழைய வடிவத்தை இறக்கிவிடும். இதைத் தடுக்கவே நெக்ஸ்ட்கிளவுடின் கட்டளைவரிக் கருவியான ஓசிசியில் டேட்டா-ஃபிங்கர்பிரின்ட் என்னும் பராமரிப்புக் கட்டளை இருக்கிறது. அதை ஓட்டியதும் இது பேக்கப்பிலிருந்து மீண்ட சர்வர் என்பது செயலிகளுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு அவை உள்ளூர்க் கோப்புகளை அழிக்காமல் காப்பாற்றவே முயலும். மோதல் வருமிடத்தில் இரண்டு வடிவங்களையும் வைத்துக்கொள்ளும்.

ஒரு மடிக்கணினிகூட இணைவதற்கு முன் அதை ஓட்டியாக வேண்டும். எனவே வெளி இணைப்பை ஃபயர்வாலில் மூடி வைத்து, தரவுத்தளத்தை ஏற்றி, உங்கள் கணினியிலிருந்து மட்டும் உள்நுழைந்து நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்த்து, இந்தக் கட்டளையை ஓட்டிய பிறகே மற்றவர்களுக்குத் திறந்துவிடுங்கள். பேக்கப்பைப் பராமரிப்பு நிலையில் (பயனர்களை உள்ளே விடாத நிலை) எடுத்திருந்தால் பழைய கான்ஃபிக்கிலும் அது இயக்கத்திலேயே இருக்கும். உள்நுழையும் முன் அதை அணைத்துவிடுங்கள். பதிப்பு 26-க்கு ஏறும் வேலையை, ஊழியர்களின் கோப்புகள் எல்லாம் வந்து சேர்ந்து, புதிய இயந்திரத்திலிருந்து ஒரு முழு பேக்கப் எடுத்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.