தெர்மோகிளைன்: 'வெப்பச்சரிவு' தூண்டில்காரருக்கு உதவுமா?

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

ரொறன்ரோவில் புதிதாகத் தூண்டில் எடுக்கும் நம்மவர்களுக்காகச் சிம்கோ ஏரியைப் பற்றி ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். மீன் பெயர்களில் சிக்கல் இல்லை. ட்ரவுட்டை ட்ரவுட் என்றும் பைக்கை பைக் என்றும் எழுதிவிட்டேன். கடையிலும் கரையிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். மாட்டிக்கொண்டது தெர்மோகிளைனில், அதாவது ஏரியில் மேலே உள்ள சூட்டுத் தண்ணீருக்கும் கீழே உள்ள குளிர்த் தண்ணீருக்கும் நடுவே வெப்பநிலை சட்டென்று இறங்கும் பட்டையில். அதற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்.

மே கடைசிச் சனிக்கிழமை நண்பரின் படகில் கெம்பன்ஃபெல்ட் விரிகுடாவுக்குப் போனோம். ஏரியிலேயே ஆழமான பக்கம் அது, 40 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஓட்டை போட்ட பாட்டிலுக்குள் வெப்பமானியை வைத்து, ஈயக்குண்டு கட்டி இறக்கினேன். பாட்டில் எதற்கு என்றால், இழுப்பதற்குள் அளவு ஏறிவிடாமல் அந்த ஆழத்துத் தண்ணீரும் கூடவே வரும். மேலே 14 டிகிரி. 5 மீட்டரில் 13. 8 மீட்டரில் 9. 12 மீட்டரில் 7. அதற்குக் கீழே கயிறு தீரும்வரை பெரிய மாற்றம் இல்லை. நண்பர் படகிலிருந்த மீன்காட்டித் திரையிலும் அதே ஆழத்தில் மங்கலாக ஒரு பட்டை தெரிந்தது.

மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறங்கும் அந்தப் பட்டைதான் தெர்மோகிளைன். அகராதிகளில் 'வெப்பச்சரிவு' என்று இருக்கிறது. அதைப் போட்டு ஒரு பக்கம் எழுதி நண்பரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "ஏன், திடீரெண்டு குளிர் வந்திட்டுதோ?" என்றார். தங்கவிலை சரிவு, வெப்பநிலை சரிவு என்று தினம் செய்தி படிக்கிறவர் வேறென்ன நினைப்பார்? எனக்கு வேண்டியது ஒரு நிகழ்ச்சியின் பெயர் இல்லை. இத்தனை அடியில் இருக்கிறது என்று கைகாட்டிச் சொல்லக்கூடிய பொருளின் பெயர். உதவுங்கள்.

---

> அகராதிகளில் 'வெப்பச்சரிவு' என்று இருக்கிறது

தம்பி, அந்தச் சொல்லில் தப்பில்லை. நான் முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன். ஆழத்தைப் பொறுத்து வெப்பநிலை மாறும் வீதத்தைச் சரிவு என்பது முறையான வழக்கு. குழப்பம் வந்தால் 'வெப்பச்சரிவு அடுக்கு' என்று நீட்டிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே உள்ள சொல்லைக் கைவிட்டுப் புதிது புதிதாக ஆக்கிக்கொண்டே போனால், ஒரு பொருளுக்கு ஏழு சொல் இருக்கும், ஒன்றும் புழங்காது. இந்தக் குழுவிலேயே எத்தனை பார்த்துவிட்டோம்!

கையேட்டில் காரணத்தையும் எழுதுங்கள். தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிகக் கனம். பனிக்கட்டி உருகியதும் மேல்தண்ணீர் சூடேறி 4 டிகிரியைத் தொடும்போது கனத்துக் கீழே இறங்கும். ஏரி முழுக்க ஒரே வெப்பநிலை ஆனதும் காற்று அடித்தால் போதும், அடிவரை கலக்கும். இதை ஸ்பிரிங் டர்ன்ஓவர் என்பார்கள். 'வசந்தப் புரட்டு' என்று வைக்கலாம்.

---

ஐயா, புரட்டா? "புரட்டுக்காரன்" என்று திட்டுவார்களே! ஏரி யாரை ஏமாற்றியது? 'புரளி' என்றாலும் வதந்தி. ஏரி தானாகவே புரள்வதால் 'புரள்வு' என்று தன்வினையில் வைத்தால் பழி போகும். அப்புறம், வசந்தமும் வேண்டாம். சித்திரையும் வைகாசியும் நமக்கு இளவேனில். ஊரில் அது கத்திரி வெயில் கொளுத்தும் காலம், இளமை ஒன்றையும் காணோம். ஆனால் சிம்கோவில் பனிக்கட்டி போவது பெரும்பாலும் ஏப்ரலில். மே முழுக்க இளவெயில். பெயர் இங்கேதான் பொருந்துகிறது. 'இளவேனிற் புரள்வு' என் தெரிவு.

தெர்மோகிளைனுக்கு 'வெப்பவரப்பு' எப்படி? யாழ்ப்பாணத்தில் வயற்காரர் வீட்டில் பிறந்தவள் நான். இந்த வயலுக்கும் அந்த வயலுக்கும் நடுவே வரப்பு; சூட்டுத் தண்ணீருக்கும் குளிர்த் தண்ணீருக்கும் நடுவே இது.

---

அக்கா, 'புரள்வு' கையேட்டில் ஏறிவிட்டது. வரப்பு அழகான சொல், இரண்டு நாள் அதிலேயே மயங்கிக் கிடந்தேன். ஆனால் வரப்பு பக்கத்துப் பக்கத்து வயல்களைப் பிரிப்பது, இது மேலே கீழே பிரிப்பது. இன்னொன்று, வரப்பு என்றதும் மீன் தாண்டாது என்று தோன்றும். லேக் ட்ரவுட் தாண்டும். அதற்குப் பிடித்தது 10 டிகிரியை ஒட்டிய தண்ணீர். மே தொடக்கத்தில் எங்கும் குளிர்ச்சி என்பதால் கரையோரம்கூட வரும். மேலே சூடேற ஏற இறங்கிவிடும், இரை கண்டால் கொஞ்ச நேரம் மேலே பாய்ந்துவிட்டுத் திரும்பும்.

சிறுவயதில் எங்கள் ஊர்க் கிணற்றில் குதித்தது நினைவுக்கு வந்தது. கோடை மதியம் மேல்தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். முங்கும்போது ஓர் ஆழத்தில் காதும் கழுத்தும் திடீரென்று சில்லிடும். ஒரு படி இறங்கினது போல, சட்டென்று. அதனால் 'குளிர்ப்படி' என்கிறேன். "இன்னைக்குக் குளிர்ப்படி எத்தனை அடியில நிக்குது?" என்று படகில் கேட்டுப் பார்த்தேன். நண்பர் விளக்கம் கேட்கவில்லை, திரையைப் பார்த்து "இருவத்தஞ்சு" என்றார்.

படிக்கு மேலே மேல்நீர், கீழே அடிநீர். (புணர்ச்சி பார்த்து 'மேனீர்' ஆக்கச் சொல்லாதீர்கள், ஒருவருக்கும் புரியாது.) தெற்கே செடி மண்டிய ஆழமற்ற பக்கங்களில் படி கிடையாது, காற்று அடிவரை கலக்கிவிடும். இதையும் எழுதப்போகிறேன், இல்லையென்றால் இரண்டு மீட்டர் தண்ணீரில் படியைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

---

தம்பி, குளிர்ப்படி, சரி. நடுவில் வரும் 'ப்' என்ற ஒற்றெழுத்தை விட்டுவிடாதீர்கள். 'குளிர்படி' என்றால் வினைத்தொகை, குளிர்கின்ற படி ஆகிவிடும். உங்களுக்கு வேண்டியது குளிரின் படி.

ஆனால் ஓர் ஐயம். படி என்றால் கல்லுப்படி போல நிலையாக நிற்பதாகத் தோன்றாதா? இது நகரும். பருவம் போகப் போகக் கீழிறங்கும். இலையுதிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனத்ததும் மறுபடி புரள்வு, படி இல்லாமலே போய்விடும். அதுவரை அடிநீருக்கு மேலிருந்து உயிர்வளி (ஆக்சிஜன்) வராது, அதையும் சொல்ல வேண்டுமே.

---

சொல்கிறேன் ஐயா. சிம்கோவின் கதையே அதுதான். பாஸ்பரஸ் சேர்ந்து பாசி பெருகும், செத்த பாசி அடியில் அழுகும், அடிநீரின் உயிர்வளியைத் தின்னும். மேலே சூடு, கீழே மூச்சு முட்டு. ட்ரவுட் நடுவில் நெருக்குப்படும். 2008இல் இந்த ஏரிக்கென்றே ஒன்ராறியோ ஒரு சட்டம் போட்டது. அடுத்த ஆண்டு வந்த திட்டம் அடிநீரில் லிட்டருக்கு 7 மில்லிகிராம் உயிர்வளி வேண்டும் என்று இலக்கு வைத்தது. இந்தப் பத்தியை 'வெப்பச்சரிவு அடுக்கின் கீழ்ப்பகுதி' என்று ஒருமுறை எழுதிப் பார்த்தேன், 'அடிநீர்' என்று ஒருமுறை. இரண்டாவதை நண்பர் நிறுத்தாமல் வாசித்தார்.

படி நகரும் என்பதற்கு: நேற்று அவரே "படி இறங்கிட்டுது, முப்பதுக்குப் போட்டுப் பாப்பம்" என்றார். இறங்குகிற படி அவருக்கு இடிக்கவில்லை. 'வெப்பச்சரிவு' பாடநூலில் இருக்கட்டும், கையேட்டில் முதல் இடத்தில் மட்டும் இரண்டையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். பனிக்கட்டி முழுதாகப் போகிற நாளுக்கு, அவர்கள் ஐஸ்-அவுட் என்கிறார்களே, அதற்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. அக்கா, ஏதாவது தோன்றுகிறதா?