கல்லடியில் கார் டீட்டெய்லிங் கடை போட்டால் பிழைப்பு நடக்குமா?

கல்லடிப் பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். கட்டாரில் ஏழு வருஷம் இருந்துவிட்டுப் போன மாசம்தான் ஊருக்கு வந்தேன். அதில் ஐந்து வருஷம் தோஹாவில் ஒரு டீட்டெய்லிங் கடையில், அதாவது காரைக் கழுவி மினுக்கிப் பாதுகாப்புப் பூச்சுப் போடுகிற கடையில் வேலை. முதல் வருஷம் முழுக்கக் கார் கழுவினேன், பிறகு பொலிஷ் மெசினைக் கையில் தந்தார்கள், கடைசி இரண்டு வருஷமும் பெயின்டுக்கு மேலே செராமிக் கோட்டிங் பூசுவதும், பெயின்டைக் காக்கிற பிபிஎஃப் என்ற தெளிந்த படலம் ஒட்டுவதும் என் பொறுப்பு. தொழில் தெரியும் என்று துணிந்து சொல்வேன்.

தெரியாதது நம்மூர் வியாபாரம். மாமாவின் வளவு ஒன்று மட்டக்களப்பு கல்லடியில் பெரிய ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, கடற்கரைப் பக்கமாகச் சும்மா கிடக்கிறது, வாடகை வேண்டாம் என்கிறார். கையில் 28 லட்சம் இருக்கிறது. ஏசி போட்ட கண்ணாடி அறை, நல்ல லைட், இரண்டு பொலிஷ் மெசின், செராமிக்கும் பிபிஎஃப்பும் மட்டும் செய்வது, பொடி வாஷ், அதாவது சாதாரணக் கழுவல் பக்கமே போவதில்லை என்பதுதான் என் திட்டம். பொடி வாஷ் சந்திக்குச் சந்தி இருக்கிறது, அதற்குள் போய் முட்டிக்கொள்ள விருப்பமில்லை. ஆனால் வீட்டில் எல்லாரும் பயப்படுகிறார்கள். மட்டக்களப்பில் யார் தம்பி ஒரு லட்சம் கொடுத்துக் காருக்குப் பூச்சுப் பூசுவான் என்று அப்பாவின் கூட்டாளி ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். அவர் சொல்வது சரியா? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இந்தத் தொழில் செய்கிறவர்கள், இல்லாவிட்டால் கார் வைத்திருக்கிறவர்கள், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். திரும்பிப் போகிற எண்ணம் எனக்கு இல்லை. மகளுக்கு நாலு வயசு, அவள் பிறந்த நேரமும் நான் இங்கே இல்லை.

சாய்ந்தமருது நானா:

தம்பி, நான் கல்முனைப் பக்கம் ஆறு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். ஒரு கொட்டகை, இரண்டு கார் நிற்கிற இடம், நானும் மூன்று பொடியன்களும். பிழைக்கலாம். ஆனால் நீங்கள் சொல்கிற மாதிரி இல்லை.

பொடி வாஷை விடாதீர்கள். என்னிடம் கோட்டிங் போட்டவர்களில் அநேகம் பேர் முதலில் 1,800 ரூபாய் கழுவலுக்கு வந்தவர்கள்தான். நாலைந்து தடவை வந்து, சில்லுக்குப் போட்ட துணியைப் பொனட்டிலும் வைக்கிறோமா, வாளியில் தண்ணீர் மாற்றுகிறோமா என்று பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் மெதுவாகக் கேட்பார்கள், நானா இந்தக் கோட்டிங் என்கிறார்களே அது என்ன என்று. நம்மூர் ஆட்கள் போஸ்டரைப் பார்த்துக் காசு எடுக்க மாட்டார்கள், ஆளைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். கண்ணாடி அறையைக் கட்டிவிட்டு உள்ளே இருந்தால் உங்களை யாருக்குத் தெரியும்?

ஆனால் உங்கள் அப்பாவின் கூட்டாளி சொன்னதும் முழுக்கச் சரியில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். திறந்தும் என்ன, வரியோடு விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. பத்து வருஷம் ஓடிய வெகன் ஆர், அக்வா கார்களை ஆட்கள் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஏனென்றால் இதை விட்டால் அடுத்தது வாங்க முடியாது. அவர்களுக்கு மினுக்கம் இரண்டாவது. கார் இன்னும் பத்து வருஷம் கறள் பிடிக்காமல் நிற்க வேண்டும், அதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் வைத்திருந்தால் வருவார்கள்.

இனி முக்கியமான சங்கதி, தண்ணீர். தோஹாவில் உங்களுக்குக் கடல் தண்ணீரைச் சுத்திகரித்துக் குழாயில் தந்தார்கள். இங்கே கடற்கரை வளவில் குழாய்க் கிணறு அடித்தால் கல்சியமும் உப்பும் சேர்ந்துதான் வரும். முதல் வருஷம் நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு கறுப்பு வெசல் காருக்குக் கோட்டிங் போட்டுக் கொடுத்தேன், ஒரு மாசம் கழித்துக் கழுவ வந்தது. கிணற்றுத் தண்ணீரால் அலசிவிட்டு, துடைக்காமல் வெயிலில் விட்டு லுஹர் தொழப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பொனட் முழுக்க வட்ட வட்டமாக வெள்ளை, அம்மைத் தழும்பு மாதிரி. வினாகிரியில் தண்ணீர் கலந்து துடைத்தேன், பாதி போனது. மீதிக்கு மெசின் போட வேண்டி வந்தது, மெசின் பட்ட இடத்தில் கோட்டிங்கும் போனது. என் செலவில் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் மீற்றர் ஒன்று என் மேசையில் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் முதல் அலசலுக்கும் அடிப்பக்கத்துக்கும் மட்டும், கடைசி அலசல் குழாய்த் தண்ணீரை உப்பை எடுக்கிற ரெசின் வடியில் விட்டு எடுத்து. மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்து இரண்டு தாங்கி நிரப்பி வைப்பேன், அதைவிட நல்ல அலசல் தண்ணீர் காசுக்கும் கிடைக்காது. உங்களுக்கு மட்டக்களப்பில் உன்னிச்சைக் குளத்துக் குழாய்த் தண்ணீர் வருகிறது, அந்த வளவுக்கு இணைப்பு எடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள், ஏசியை அப்புறம் பார்க்கலாம்.

காசு வருகிற காலமும் ஒன்று இருக்கிறது. பெரும்போக வெட்டு முடிந்து நெல் விற்ற கையோடு கெப்புகளும் வான்களும் வரிசையில் நிற்கும், பெருநாளுக்கும் சித்திரைக்கும் முந்திய வாரம் தூங்க முடியாது. நடுவில் இரண்டு மாசம் கை காய்ந்துபோகும். பொடியன்களின் சம்பளத்தை அந்த மாசங்களை நினைத்துத்தான் பேச வேண்டும்.

செங்கலடி பெயின்ட் பாஸ்:

நானா தண்ணீரைப் பற்றிச் சொன்னார், நான் பெயின்டைப் பற்றிச் சொல்கிறேன். இருபது வருஷமாக ஸ்பிரே அடிக்கிறேன்.

தம்பி, கம்பனி பெயின்டின் மேலே இருக்கிற கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு 40, 50 மைக்ரோன்தான். போட்டோக்கொப்பி அடிக்கிற தாளில் பாதித் தடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள்தான் உங்கள் பொலிஷ் எல்லாம். நம்மூரில் கட் அன்ட் பொலிஷ் என்று ரோட்டரி மெசினை வைத்து வருஷத்துக்கு ஒரு தடவை உரஞ்சுகிறார்கள், முதல் நாள் கண்ணாடி மாதிரி மினுங்கும், நாலாவது வருஷம் மூலைகளில் பெயின்ட் தெரியாமல் அடிப்பூச்சுத் தெரியும். அந்தக் கார்தான் பிறகு என்னிடம் வருகிறது. எனக்கு வேலை கிடைக்கிறது என்று நான் சந்தோஷப்படவில்லை, கம்பனி பெயின்ட் மாதிரி ஒரு பெயின்டை என் கொட்டகையில் என்னால் அடிக்க முடியாது, அது உண்மை.

அதனால் 28 லட்சத்தில் முதல் வாங்க வேண்டியது பெயின்ட் தடிப்பு அளக்கிற கருவி. இங்கே ஓடுகிற ஜப்பான் கார்களில் எங்கேயாவது ஒரு கதவாவது ரீபெயின்ட் பட்டிருக்கும், சில நேரம் வாங்கினவருக்கே அது தெரியாது. பொனட்டில் 110 காட்டுகிற கருவி கதவில் 300 காட்டினால் அங்கே திரும்பப் பெயின்ட் அடித்திருக்கிறது என்று அர்த்தம், அப்படியான இடத்தில் பிபிஎஃப் ஒட்டிப் பிறகு இழுத்தால் பெயின்டும் சேர்ந்து வந்துவிடலாம். வேலைக்குக் காரைப் பொறுப்பெடுக்கிற நேரமே எல்லாப் பக்கமும் அளந்து எழுதிச் சொந்தக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். பிபிஎஃப்புக்கு இப்போதைக்கு இங்கே ஆள் குறைவு, சுருள் வாங்கிக் காசை முடக்காதீர்கள். கேட்டு ஆள் வந்தால் முற்பணம் வாங்கிக்கொண்டு எடுப்பியுங்கள்.

அப்புறம் கோட்டிங் 9எச் கடினம் என்று சொல்லி விற்காதீர்கள். அது பென்சிலால் கீறிப் பார்க்கிற கணக்கு, கல் அடித்தால் எந்தக் கோட்டிங்கும் நிற்காது. கல்லு பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று யாரோ சொன்னதை நம்பிப் போட்டுவிட்டு என்னிடம் வந்து கோபப்பட்ட ஆட்களைக் கண்டிருக்கிறேன்.

ஆரையம்பதி டீச்சர்:

நான் கார் வைத்திருக்கிற ஆள், தொழில் தெரியாது. ஆனால் தம்பி கேட்டதால் எழுதுகிறேன்.

போன மாரியில் என் அக்வா ஹைப்ரிட் காருக்குள் ஒரே பூஞ்சண வாசம். மழையில் நனைந்த பிள்ளைகள், குடைகள், மிதியடி காயவே இல்லை. ஒரு இடத்தில் உள்ளே கழுவக் கொடுத்தேன், பெயர் வேண்டாம். பின் சீட்டில் நுரையை அள்ளிப் போட்டுத் தண்ணீர் அடித்துக் கழுவியிருக்கிறார்கள். அடுத்த நாள் பாடசாலைக்குப் போகிற வழியில் ஹைப்ரிட் சிஸ்டத்தைப் பார்க்கச் சொல்லி விளக்கு எரிந்தது. கராஜுக்குக் கொண்டுபோனால், பின் சீட்டுக்குப் பக்கத்தில் சல்லடை மாதிரி ஒன்று இருக்கிறதே, பற்றரிக்குக் காற்றுப் போகிற வழி, அதற்குள் தண்ணீர் போயிருக்கிறது. கழற்றிக் காய வைத்துத்தான் சரி வந்தது. அந்த வழியின் பில்டரைக் கழற்றிக் காட்டினார்கள், பிள்ளைகளின் உடுப்புப் பஞ்சும் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி ஒட்டியிருந்தது. மூன்று வருஷமாக நான் கழுவக் கொடுத்த ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தம்பி, நீங்கள் கடை போட்டால் அதைச் செய்யுங்கள். சீட்டைக் கழுவ முதல் அந்தச் சல்லடையை மூடுங்கள், தூசியைத் தட்டிக் கொடுங்கள், செய்ததைச் சொல்லுங்கள். அதற்கு நான் காசு கொடுப்பேன், என்னோடு படிப்பிக்கிற எல்லாரும் கொடுப்பார்கள். இன்னொன்று, பொம்பிளைகள் வந்தால் இருக்க ஒரு இடம் வையுங்கள். இரண்டு மணித்தியாலம் ரோட்டோரம் நின்று, கழுவுகிற பொடியன்களைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அதனாலேயே நான் பல தடவை கழுவாமல் திரும்பி வந்திருக்கிறேன்.

கல்லடிப் பொடியன்:

நானா, பாஸ் அண்ணன், டீச்சர், மூன்று பேருக்கும் நன்றி. இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அந்த ஹைப்ரிட் சல்லடையைத் தோஹாவில் நான் ஒரு நாளும் தொட்டதில்லை, அங்கே எங்களிடம் வந்ததெல்லாம் லேண்ட் குரூசர்.

கண்ணாடி அறையை இப்போதைக்கு விட்டுவிட்டேன். மூன்று பக்கம் மறைத்து, மேலே கூரை, கீழே சரிவாகச் சிமெந்து, அதுதான் இப்போதைய யோசனை. இரண்டு கேள்வி நானா. கழிவுத் தண்ணீரை எங்கே விடுவது, அனுமதி ஏதும் வேண்டுமா? மற்றது நீங்கள் சொன்ன கறள். கோட்டிங் அடிப்பக்கத்துக்கு வேலை செய்யாது என்று எனக்குத் தெரியும், அங்கே நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

சாய்ந்தமருது நானா:

வேண்டும். வாகனம் கழுவுகிற தொழிலுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் கேட்பார்கள், மாநகர சபையின் வியாபார அனுமதி வேறு, பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில். கொங்கிரீட் போட முதலே போய்க் கேளுங்கள், போட்ட பிறகு உடைக்கச் சொன்னால் காசு போகும். மணல் அடையத் தொட்டி ஒன்று, அடுத்து எண்ணெய் பிரிக்கிற தொட்டி ஒன்று, அதற்குப் பிறகுதான் தண்ணீர் வெளியே போகலாம். எங்கள் பக்கம் ஒரு காலம் எல்லாம் தோணா என்கிற ஓடைக்குள் போனது, அதில் மீன் பிடித்து வளர்ந்த ஆள் நான். உங்களுக்குப் பக்கத்தில் வாவி இருக்கிறது, அதற்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது. அயலவர்களின் கிணறும் அந்த மணலுக்குள்தான் இருக்கிறது, முதலில் முறைப்பாடு வருவதும் அங்கிருந்துதான்.

கறளுக்கு வருவோம். வாடைக் காற்று அடிக்கிற மாசங்களில் கடலோரம் நிற்கிற காரின் மேலே கையை வைத்துப் பாருங்கள், பிசுபிசு என்றிருக்கும், அது உப்பு. அந்த மாசங்களில் கிழமைக்கு ஒரு தடவை அடிப்பக்கம் மட்டும் அலசுவதற்கு மாதக் கட்டணம் வைத்திருக்கிறேன், கோட்டிங்கை விட அதுதான் வருஷம் முழுக்க என் வாடகையைக் கட்டுகிறது. கச்சான் காற்று தொடங்கினால் புழுதி, அப்போது உள்பக்க வேலை கூடும். பாசிக்குடா, அறுகம்பைப் பக்கம் ஓடுகிற கேடிஎச் வான்காரர்களையும் பிடியுங்கள், அவர்களுக்கு வாசமில்லாத வான் வேண்டும், மாசம் தவறாமல் வருவார்கள்.

கறுப்பு அண்டர் கோட்டிங் அடிக்கச் சொல்லிக் கேட்பார்கள். ஈரத்தின் மேலேயும் உப்பின் மேலேயும் அடித்தால் உள்ளே வைத்து மூடியதாகிவிடும், மேலே கறுப்பாக இருக்கும், உள்ளே தின்றுகொண்டிருக்கும். நன்றாகக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காய விட்டு, கறளைச் சுரண்டிப் பிறகு அடிக்க நேரமில்லாவிட்டால் அந்த வேலையை வாங்க வேண்டாம்.

கதவுகளின் அடியில் சின்னத் துளைகள் இருக்கும், கண்ணாடி வழியாக உள்ளே இறங்குகிற மழைத் தண்ணீர் வெளியே போவதற்கு. கடற்கரைக்குப் போகிற கார்களில் அது மணலால் அடைபட்டிருக்கும். கதவைத் திறந்து மூடும்போது உள்ளே தண்ணீர் சளக் சளக் என்று கேட்கும், சொந்தக்காரர் ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஓடுவார். நான் ஈர்க்குக் குச்சி ஒன்றை விட்டு மெதுவாகத் தோண்டுவேன், முதலில் ஈர மணல் விழும், அப்புறம் அரைக் கிளாஸ் கறள் தண்ணீர் ஊற்றும். அதைச் சொந்தக்காரருக்கு முன்னால் செய்யுங்கள் தம்பி. கடை திறக்கிற திகதி குறித்ததும் இங்கே எழுதுங்கள், நான் கல்முனையிலிருந்து வருவேன்.