சூரியன ஆராய்ச்சி பண்ண ஏன் சுரங்கத்துக்குள்ள போனாரு?

பட்டர்வொர்த் அம்மா:
வணக்கம். மகன் எஸ்டிபிஎம் பிசிக்ஸ் படிக்கிறான், ரேமண்ட் டேவிஸ் பத்தி ஸ்கூல்ல பேசணுமாம். 2002ல நோபல் வாங்குனவரு. சூரியன ஆராய்ச்சி பண்ற மனுஷன் எதுக்கு தங்கச் சுரங்கத்துக்குள்ள போனாரு, அதுவும் டிரை கிளீனிங் கடைல ஊத்துற தண்ணி மாதிரி சாமான வச்சிக்கிட்டு? வீட்டுல யாருக்கும் வெளங்கல, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
அவரு தேடுனது நியூட்ரினோவ அக்கா, சூரியன்ல இருந்து வர்ற ரொம்ப ரொம்ப சின்ன துகள். மேல வச்சா விண்வெளில இருந்து வர்ற காஸ்மிக் கதிர் வந்து கணக்க கெடுத்துடும். நியூட்ரினோவ மட்டும் பாறை தடுக்காது, அதான் சவுத் டகோட்டாவுல ஹோம்ஸ்டேக் சுரங்கத்துல கிட்டத்தட்ட 1,500 மீட்டர் ஆழத்துல டேங்க் கட்டுனாரு. உள்ள 615 டன் பெர்குளோரோஎத்திலீன், நீங்க சொன்ன டிரை கிளீனிங் சாமான் அதான், அதுல குளோரின் நெறய இருக்கு, வெலையும் கம்மி. எப்பயாச்சும் ஒரு நியூட்ரினோ குளோரின்-37ங்கற அணுல மோதுனா அந்த அணு ஆர்கான்-37 ஆயிடும். ஹீலியம் வாயுவ டேங்க்குள்ள விட்டு அந்த ஆர்கான வெளிய கொண்டாந்து எண்ணணும். அரை ஆயுளே 35 நாள்தான், ரொம்ப நாள் விட்டா பாதி காணாம போயிடும். அவ்ளோ பெரிய டேங்க்ல 30 வருசத்துக்கு மொத்தமே சுமார் 2,000 அணுதான் கெடச்சிச்சு, கடற்கரை மணல்ல குறி போட்ட நாலு மணிய தேடி எடுக்குற வேல அது. அவரு அடிப்படைல கெமிஸ்ட், அதான் முடிஞ்சிச்சு.

ஜார்ஜ்டவுன் ரவி:
முக்கியமான கட்டமே இனிமேதான். சூரியன்ல இருந்து எத்தன நியூட்ரினோ டேங்க்ல சிக்கணும்னு ஜான் பாக்கால்னு ஒரு விஞ்ஞானி கணக்கு போட்டாரு, அதுல மூணுல ஒரு பங்குதான் டேங்க்ல வந்திச்சு. டேவிஸோட சோதனை தப்புன்னு ஒரு கூட்டம், பாக்கால் கணக்கு தப்புன்னு இன்னொரு கூட்டம். டேவிஸ் என்ன பண்ணாரு தெரியுமா, இத்தன ஆர்கான் அணுன்னு தெரிஞ்சே டேங்க்குள்ள விட்டு, திரும்ப எடுக்க முடியுதான்னு பாத்தாரு, வந்திச்சு. அப்பறம் கனடாவுல சட்பரி சுரங்கத்துல 1,000 டன் கனநீர (கனமான ஹைட்ரஜன் உள்ள தண்ணி) வச்சி ஆர்தர் மெக்டொனால்டு குழு 2001, 2002ல காட்டுனாங்க, நியூட்ரினோ வர்ற வழில வேற வகையா மாறிடுது, டேவிஸ் டேங்க்குக்கு ஒரு வகைதான் தெரியும். அவரு எண்ணுனதும் சரி, பாக்கால் கணக்கும் சரி! மெக்டொனால்டுக்கு 2015ல நோபல், ஜப்பான் கஜிட்டாவோட சேத்து.

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
கோலார் தங்க வயலையும் சொல்லச் சொல்லுங்க அக்கா, நம்ம தமிழாளுங்க தலைமுறை தலைமுறையா எறங்கி வேல செஞ்ச சுரங்கம். 1965லயே அங்க நியூட்ரினோ பிடிச்சாங்க. அது சூரியன்ல இருந்து வந்தது இல்ல, காஸ்மிக் கதிர் காத்து மண்டலத்துல மோதி உண்டானது, ரெண்டையும் போட்டு கொழப்பிடக் கூடாது.

பட்டர்வொர்த் அம்மா:
ரொம்ப நன்றி. ஆர்கான விட்டு திரும்ப எடுத்தத அவன் முதல்லயே சொல்லப் போறானாம்.